ஏழாம் எண் பார்ட்டிஷன்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் முகவரியை ஜெராக்ஸ் கடைக்காரரிடம் வாங்கினேன். முதலில் தெரியவே தெரியாது என்றார். அப்புறம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, "நான் குடுத்தேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். சொல்லிவிட்டேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

போன் செய்திருப்பேன். வீட்டில் இருப்பது இரண்டே அறை. எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அண்ணன் காதில் விழும். இந்த மூன்று வருஷத்தில் உன் பேச்சை எடுத்தபோதெல்லாம் அவர் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறார். நானும் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டேன். அதனால்தான் கடிதம்.

விஷயம் கம்ப்யூட்டர். நான் இப்போது வீட்டிலிருந்தே ஓர் ஆஸ்பத்திரிக்கு டைப் செய்கிறேன். டாக்டர்கள் பேசிப் பதிவு பண்ணி அனுப்புவார்கள். கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியாக அடித்து அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது. ஒரு டாக்டர் எதையோ மென்றுகொண்டே பேசுகிறார், அவர் சொல்வது சிறுநீரகமா கல்லீரலா என்று நான்கு முறை கேட்க வேண்டியிருக்கிறது. அதெல்லாம் பழகிவிட்டது. இப்போது சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டுகிறது. ஆஸ்பத்திரியில் மாதக் கடைசிக்குள் புது சாஃப்ட்வேர் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அது சி டிரைவில்தான் உட்காருமாம். போடாதவர்களுக்கு ஏப்ரலிலிருந்து வேலை வராது.

ரிப்பேர் கடைக்காரர் பார்த்தார். "யாரோ இதுல மூணு குடித்தனம் வச்சிருக்காங்க. மொத்தமா அழிச்சுப் புதுசா போடணும், நாலு நாள் ஆகும்" என்றார். நான்கு நாள் நான் அடிக்காவிட்டால் என் பங்கு வேறு யாருக்கோ போய்விடும். பிறகு திரும்பி வராது.

தினமும் காலையில் மெஷினைப் போட்டதும் கறுப்புத் திரையில் நான்கு பெயர் வந்து நிற்கிறது. நான் அம்புக்குறியை மூன்று தடவை கீழே தட்டி விண்டோஸுக்குப் போகிறேன். மற்ற மூன்றும் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் என்று நீ போட்ட லினக்ஸ். அவற்றை எப்படி எடுப்பது என்று மட்டும் எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம்.

அண்ணி

மார்ச் 10

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து மங்கலாக இருந்தால் மன்னிக்கவும். இங்கே குளிர்பதனக் கிடங்கில் வேலை. உள்ளே பேனா எழுதாது, மை இறுகிவிடும். எல்லோர் சட்டைப் பையிலும் பென்சில்தான். பெட்டிகளை இறக்குவது, அடுக்குவது, எண்ணிக்கையைச் சுவர் அட்டையில் குறிப்பது. அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் அதைத் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது. என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். குழாய் பதிப்பதற்காக அண்ணன் இரண்டு வருஷம் செய்த நில அளவை வேலை என் கையால் போனது. மறுபடி ஏதாவது சொல்லி, அது உங்கள் வேலையையும் கொண்டுபோனால் நான் எங்கே போய் நிற்பது? கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

அண்ணனின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கலாமா தெரியவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
தம்பி

மார்ச் 14

தம்பி,

எனக்கு "மன்னிக்கவும்" என்றெல்லாம் எழுதாதே. நீ கையை உடைத்துக்கொண்டு வந்த வருஷம் இரண்டு மாதம் உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவள் நான். பென்சிலில் எழுதினாலும் கரியில் எழுதினாலும் எனக்குப் படிக்கத் தெரியும்.

நீ தொட வேண்டாம். தொடப்போவது நான். நீ சொன்னால் போதும். கெட்டுப்போனால் என் தலையில் போட்டுக்கொள்கிறேன். இதைக்கூடச் செய்ய மாட்டேன் என்றால் ஒரு வரி எழுதிவிடு, நான் இன்னும் பத்து நாள் காத்திருந்து ஏமாற வேண்டாம்.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து டைப் வேலையின் மேற்பார்வைக்காரி போன் செய்தாள். "அக்கா, உங்க மெஷின் இன்னும் ரெடி இல்லையா? லிஸ்ட்ல உங்க பேர்தான் கடைசி" என்றாள். நல்ல பெண். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

உன் அண்ணனுக்கு முழங்கால்தான். அளந்த இடத்தையெல்லாம் மறுபடி எட்டு மாதம் நடந்து அளந்தார் இல்லையா, அதிலிருந்து. இப்போது ஆபீசில் ஆவண அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். கேட்டதாக வைத்துக்கொண்டேன்.

அண்ணி

மார்ச் 18

அண்ணிக்கு,

சரி. எழுதுகிறேன். ஆனால் நான் சொல்கிற வரிசையில்தான் செய்ய வேண்டும். ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது.

முதலில், உங்கள் பதிவுகள், அடித்தவை எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். எடுத்ததைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல் நகலே இல்லை.

இரண்டாவது, மெஷினைப் போட்டதும் எஃப்2 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் நீலத் திரை வரும். அதில், மெஷின் எதை முதலில் எழுப்புவது என்கிற பூட் வரிசையில் விண்டோஸை முதலாவதாக மேலே ஏற்றிவிட்டு, சேமித்து வெளியே வாருங்கள். அந்தக் கறுப்புத் திரையும் நான்கு பெயரும் லினக்ஸைச் சேர்ந்தவை. இதைச் செய்யாமல் லினக்ஸை அழித்தால் மெஷினுக்கு எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிடும்.

மூன்றாவது, விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று தேடித் திறங்கள். டிஸ்க்கைத் தடுப்புப் போட்டுப் பிரித்த பார்ட்டிஷன்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். இடமிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொன்றின் அளவையும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். நான் பார்த்துச் சொல்லும்வரை எதையும் அழிக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நான் இதைச் செய்யவில்லை. அண்ணனின் வரைபடங்கள் இருந்த டி டிரைவை எடுத்துவிட்டு இடத்தை மாற்றிப் போடலாம் என்று, அவற்றை ஏழாம் எண் பார்ட்டிஷனுக்கு நகல் எடுத்தேன். ராத்திரியே டி-யை எடுத்து, அந்த இடத்தில் ஆறாம் எண்ணைப் போட்டேன். காலையில் அந்த ஆறாம் எண்ணைத் துடைத்து ஃபார்மட் செய்துவிட்டு வெளியே போனேன். சாயங்காலம் வந்தால் ஏழு காலி. ஆறு என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஏழு என்று அடித்திருக்கிறேன். எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். என் விரல் ஆறைத்தான் அடித்ததாக ஞாபகம். ஆனால் ஞாபகத்தை வைத்து என்ன செய்வது? காலியாக இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அண்ணன், "நீ தொட்டது எதுவும் உருப்படாது" என்றார். பிறகு நான் எதையும் தொடவில்லை.

தம்பி

மார்ச் 21

தம்பி,

இதோ லிஸ்ட். முதல் நான்கில் மூன்று குட்டிக் கட்டங்கள், ஒன்று சி, நூறு ஜிபி. சி-க்கு வலது பக்கம் ஒட்டினாற்போல் ஐந்தாவது, தொண்ணூறு. ஆறாவது நூற்றிருபது. இந்த இரண்டிலும் பேர் ஒன்றும் இல்லை, "நன்றாக உள்ளது" என்று மட்டும் போட்டிருக்கிறது. ஏழாவது நூற்றைம்பது. அதில் "ஜி" என்றும் "என்டிஎஃப்எஸ்" என்றும் எழுதியிருக்கிறது.

அந்த ஜி எனக்குத் தெரியும். காலியாகவே இருக்கும். அதில் பாட்டுப் போட்டு வைக்கலாம் என்று ஒரு தடவை போனேன். உன் அண்ணன், "அது கெட்டுப்போன இடம், எதையும் வைக்காதே" என்று தடுத்துவிட்டார்.

நகல் எடுத்தேன். திறந்தும் பார்த்தேன். மெல்லும் டாக்டர் நன்றாகவே மெல்லுகிறார்.

சீக்கிரம் பதில் போடு. பத்து நாள்தான் இருக்கிறது.

அண்ணி

மார்ச் 24

அண்ணிக்கு,

ஐந்தையும் ஆறையும் அழிக்கலாம். வலது பொத்தானை அமுக்கி டெலீட். பிறகு சி-யின் மேல் வலது பொத்தான், எக்ஸ்டெண்ட். பூட் வரிசையை மாற்றியதை ஒருமுறை அணைத்துப் போட்டுச் சரிபாருங்கள். குட்டிக் கட்டங்களைத் தொடவே தொடாதீர்கள்.

ஏழைத் தொடாதீர்கள்.

அதில் என்டிஎஃப்எஸ் என்று எழுதியிருக்கிறதா, நீங்கள் சரியாகப் படித்தீர்களா? மறுபடி பார்த்து எழுதுங்கள். அது விண்டோஸ் போடுகிற முத்திரை. ஏழை நான் லினக்ஸ் முறையில்தான் வைத்திருந்தேன், விண்டோஸால் அதைப் படிக்க முடியாது. ஃபார்மட் செய்ததும் லினக்ஸில் இருந்துதான். நான் தப்பாக ஏழை அழித்திருந்தால் அதுவும் ஆறைப் போலப் பேர் இல்லாமல்தான் தெரிய வேண்டும். அன்று காலை நான் போன பிறகு விண்டோஸைத் திறந்தது யார்?

ஒருவேளை இந்தக் குளிரில் எனக்குத்தான் எல்லாம் மறந்துபோய்விட்டதோ என்னவோ. இன்று இரண்டு வண்டி வந்தது. கை மரத்துப்போய் இருக்கிறது. மறுபடி பார்த்து எழுதுங்கள்.

தம்பி

மார்ச் 28

தம்பி,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் ஐந்தையும் ஆறையும் அழித்தேன். சி பெரிதானது. சிவப்புக் கோடு நீலமானது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் எழுந்து ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு மெஷினை அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரை. ஒரே ஒரு வரி. "ரெஸ்க்யூ" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. நீ சொன்ன பூட் வரிசையை மாற்றியிருந்தேன், ஆனால் சேமிக்காமல் வெளியே வந்திருக்கிறேன். சரிபார்க்கச் சொன்னாய், பார்க்கவில்லை. அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. உன் கடிதங்களை மேஜை மேல் பரப்பிவைத்துக்கொண்டு எதைப் படிக்கிறேன் என்றே புரியாமல் உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு பதிவு பாக்கி.

உன் அண்ணன் அன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டார். முழங்கால் வீங்கியிருந்தது. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். உன் எழுத்து அவருக்குத் தெரியாதா? நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு தாளை எடுத்து, "நீ எஃப்2-வைத் தட்டு, நான் படிக்கறேன்" என்றார். படித்தார். நான் செய்தேன். "சேவ் பண்ணு. பண்ணிட்டியா? இப்ப வெளிய வா." விண்டோஸ் வந்தது. எனக்கு அழுகை வந்தது.

திரும்பிப் பார்த்தால் அவர் படிப்பதை நிறுத்தவில்லை. அதே தாளின் மறுபக்கத்தில் இருந்தார். ஆறுக்குப் பதில் ஏழு அடித்ததாக நீ எழுதியிருந்தாயே, அந்த இடம். படித்துவிட்டுத் தாளை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"அவன் ஆறைத்தான் அடிச்சான்" என்றார்.

நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன்.

"அன்னிக்கு ஒரு வரைபடம் அவசரமா வேணும்னு ஆபீஸ்ல கேட்டாங்க. மத்தியானம் வந்தேன். டி டிரைவைக் காணோம். ஜின்னு புதுசா ஒண்ணு இருந்துச்சு. திறந்தேன். 'ஃபார்மட் பண்ணட்டுமா'ன்னு கேட்டுச்சு. அப்படின்னா திறக்கட்டுமான்னு கேக்குதுன்னு நெனச்சேன். ஆமான்னு அமுக்கினேன்."

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"கத்தினப்ப தெரியாது. சத்தியமா அவன்தான் தொலைச்சான்னு நெனச்சேன். மறுவாரம் ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர்கிட்ட கேட்டேன். அவர்தான் சொன்னார், நீங்கதான் சார் அழிச்சிருக்கீங்க, அதுல ஒண்ணும் எழுதாம வச்சிருந்தா எடுக்க வாய்ப்பிருக்குன்னு. அதுக்குள்ள அவன் போயிட்டான். கூப்பிட்டுச் சொல்ல வாய் வரலை. அவனே என்னிக்காவது வந்து எடுத்துக் குடுப்பான்னு வச்சிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு குளியலறைக்குப் போனார். குழாய்ச் சத்தம் கேட்கவில்லை.

நீ சரியாகத்தான் கேட்டிருக்கிறாய். ஏழில் என்டிஎஃப்எஸ் என்றுதான் இருக்கிறது. இரண்டு தடவை பார்த்தேன்.

அண்ணி

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

படித்தேன். வேலைக்குப் போகவில்லை. இரண்டு நாள் லீவு போட்டுப் படுத்திருந்தேன்.

மூன்று வருஷம் அண்ணி. ஒரு மறுவாரம் இல்லை, மூன்று வருஷம். கிடங்கில் எண்ணிக்கை எழுதும்போது ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிட்டு, "நீயும் ஒரு தடவை எண்ணிடுப்பா" என்பேன். என்னை எல்லோரும் "ரெண்டு தடவை" என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பேரே அவர்களுக்குத் தெரியாது. நானும் சிரித்துக்கொள்வேன். கடைசியில் கிடைத்த கம்ப்யூட்டர் வேலையை நான் சேரும் நாளன்று காலையில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், தெரியுமா? ஆறை அடித்த விரலை ஏழை அடித்தது என்று நானே நம்பினேன். அண்ணன் நம்பவைத்தார். வாய் வரவில்லையாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள். உங்களுக்கும் தெரியுமா?

தம்பி

ஏப்ரல் 6

தம்பி,

தெரியாது என்று எழுதிவிட்டு உறையை ஒட்டினேன். பிறகு கிழித்துவிட்டேன்.

அன்று மத்தியானம் நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது உன் அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்ன இந்த நேரத்துல?" என்றேன். "ஒண்ணுமில்லை" என்றார். சாயங்காலம் அவர் உன்னைப் பார்த்துக் கத்தியபோது அது என் ஞாபகத்துக்கு வந்தது. அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார் என்று தெரியும். அதை அன்று உன் முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதும் சொல்லவில்லை. பிறகும் அவரைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும், வந்தால் அதை வைத்துக்கொண்டு அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்த வேண்டும். எனக்கு அப்போதே களைப்பாக இருந்தது. உன்னைப் போகவிட்டுவிட்டேன்.

அவரிடம் கோபப்படு. என்னிடமும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்.

புது சாஃப்ட்வேர் ஏறிவிட்டது. மார்ச் முப்பதாம் தேதியே. வேலை வந்துகொண்டிருக்கிறது. ஏழாம் எண் அப்படியே இருக்கிறது. அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நேற்று ஒரு தாளை எடுத்துப் பேனாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தாளில் தேதி மட்டும் இருந்தது.

வா என்று எழுத எனக்கு முகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறேன். இதுவரை மிச்சமாகிவிடுகிறது.

அண்ணி

ஏப்ரல் 23

அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். டப்பாவில் கட்டிக் கொடுத்ததைப் பஸ்ஸிலேயே சாப்பிட்டுவிட்டேன்.

அங்கே வைத்துச் சொல்ல முடியாதது சிலது இருக்கிறது. நீங்கள் கேட்கவும் மாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

வாசலில் அண்ணன் கதவைத் திறந்து, "பஸ்ல உக்கார எடம் கிடைச்சுதா?" என்றபோது எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த பேச்சு அத்தனையும் "கிடைச்சுது" என்பதோடு முடிந்துபோனது. அவர் தலை இவ்வளவு நரைத்திருக்கும் என்று நீங்கள் எழுதவில்லை.

நீங்கள் சமையலறையில் இருந்தபோது நடந்தது இதுதான். ஏழாம் எண்ணிலிருந்து அழிந்ததை மீட்கிற புரோகிராம் ஓடி முடிய ஆறு மணி நேரம் ஆனது உங்களுக்குத் தெரியும். முந்நூற்று நாற்பது வரைபடத்தில் இருநூற்றுச் சொச்சம் வந்தது. பெயர்கள் போய்விட்டன, வெறும் எண்களாக வந்தன. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். ஐந்தாறு பார்த்திருப்போம். ஒன்றில் விரலை வைத்து, "இந்தக் கோடு தப்பு" என்றார். "திருப்பி அளந்தப்ப பதினோரு மீட்டர் வித்தியாசம் வந்துச்சு. முதல்ல அளந்ததுதான் தப்பு. இது இருந்திருந்தா குழாயை அடுத்தவன் நிலத்துல பதிச்சிருப்பாங்க." திரையிலிருந்து விரலை எடுத்தார். "போதும்டா. எல்லாத்தையும் அழிச்சுரு" என்றார்.

டெலீட் வரைக்கும் போய்விட்டேன். மவுஸை அவர் பக்கம் தள்ளினேன். "நீங்களே அமுக்குங்கண்ணே" என்றேன்.

"நான் அமுக்கினதெல்லாம் போதும். நீ அமுக்கு."

அமுக்கினேன். அப்போதுதான் நீங்கள் தட்டோடு வந்தீர்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு என்னோடு நடந்து வந்தாரே, அங்கே, "அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னேனே" என்று ஆரம்பித்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். அவர் முடிக்கட்டும் என்று நின்றிருக்கலாம். அடுத்த பஸ் முக்கால் மணி நேரத்தில் உண்டு. நிற்கத் தெம்பு இல்லை அண்ணி. அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். உங்களையும் கேட்காதீர்கள். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்கு மேல் இப்போது எதுவும் தெரியவில்லை.

இன்னொரு செய்தி. கிடங்கின் சரக்குக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஆள் போன மாதம் நின்றுவிட்டார். மேனேஜர் யார் வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை போய் நான் பார்க்கிறேன் என்றேன். குளிருக்கு வெளியே, கண்ணாடி அறையில் ஒரு மேஜை. முதல் நாளே எழுபது பெட்டியை நூற்றெழுபது என்று ஏற்றிவிட்டேன். யாரையும் இரண்டாவது தடவை எண்ணச் சொல்லவில்லை. மேனேஜர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

"அதைத் திருத்திடுப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

திருத்திவிட்டேன்.

தம்பி